கசிந்த பாட்டு

பிப்ரவரி 6, செவ்வாய்

டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறதாம். கோபம் வந்தால் வீட்டில் கத்தாமல் ஒரு டைரியில் எழுதிவிடுங்கள், தானாக இறங்கிவிடும் என்றார். அவர் வீட்டில் யாராவது அப்படி எழுதுகிறார்களா என்று கேட்க வாய் வரை வந்தது. மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்றைய கோபங்கள்: சாலிகிராமத்தில் தண்ணீர் லாரி வரவில்லை. வீட்டுக்காரர் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டுவிட்டு யார் வீட்டு ஏசியையோ சரி பண்ணப் போய்விட்டார். இசையமைப்பாளர் ஆரூரன் ஃபோன் செய்து, "சுகந்திக்கா, ஒரு பாட்டு இருக்கு. சும்மா ட்ராக்தான், டென்ஷன் ஆகாதீங்க" என்றான்.

நான் எதற்கு டென்ஷன் ஆக வேண்டும்? ட்ராக் பாடுவது என்றால் என்னவென்று டாக்டருக்கே தெரியவில்லை, அதனால் எழுதி வைக்கிறேன். பெரிய பாடகி வந்து பாடுவதற்கு முன்னால் அதே பாட்டை முழுசாக ஒருத்தி பாடி வைக்க வேண்டும். பெரிய பாடகி அதைக் கேட்டுக் கற்றுக்கொள்வார். சில சமயம் ஹீரோயின் அதற்கே வாயசைத்து ஆடி முடித்துவிடுவார். பிறகு பெரிய குரல் வரும், என் குரலை அழித்துவிடுவார்கள். நான் பாடிக்கொடுக்காத ஹீரோயின் இல்லை. தியேட்டரில் என் குரல் வந்ததும் இல்லை.

இன்றைய பாட்டு நன்றாக இருந்தது. அதுதான் எரிச்சல். வாடகை வீட்டைக் காலி பண்ணிவிட்டுப் போகிற ஒருத்தி, கதவைப் பூட்டும்போது பாடுவது. முடித்துவிட்டு வெளியே வந்தால் ஆரூரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறான். "இந்தத் தடவ உங்க குரலையே வெச்சுக்கலாம்னு டைரக்டர்கிட்ட பேசறேன்க்கா" என்றான். கேட்டுக் கேட்டுக் காது புளித்த பேச்சு.

சவுண்ட் என்ஜினியர் குமரேசனிடம் ஒரு காப்பி கேட்டேன். வழக்கமாகக் கேட்க மாட்டேன். "குடுக்கக் கூடாதுக்கா. கேட்டுட்டு அழிச்சிடுங்க" என்று சொல்லி என் ஃபோனுக்கு அனுப்பினான். நல்ல பையன். இப்போதுதான் பெண் குழந்தை பிறந்திருக்கிறது.

பிப்ரவரி 8, வியாழன்

தண்ணீர் வந்தது. அன்பியக் குழுவில் ஒரு ஜெபக் கருத்து போட்டேன். எங்கள் தெருவில் இருக்கிற கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண்கள் சேர்ந்து நடத்தும் வாட்ஸ்அப் குழு அது. யாருக்கு ஆபரேஷன், யார் பிள்ளைக்குப் பரீட்சை என்று எழுதினால் எல்லோரும் ஜெபிப்பார்கள். என் குரல் படத்தில் நிலைக்க வேண்டும் என்று எழுதினேன். கொஞ்சம் விவரமாகவே போட்டேன். எதற்காக ஜெபிக்கிறோம் என்று தெரியாமல் எப்படி உருகி ஜெபிப்பார்கள்?

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

ஒருசந்தி. ஒரு வேளைச் சாப்பாடு. அந்த ஒரு வேளையும் இறங்கவில்லை.

ஆரூரன் மெசேஜ் அனுப்பியிருந்தான். மும்பையிலிருந்து பாடகி வருகிறார், கம்பெனி முடிவு, தப்பா நினைக்காதீங்க அக்கா, கூடவே கும்பிடும் கை. பேசக்கூட இல்லை.

பிப்ரவரி 22, வியாழன்

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதாவிட்டால் மாத்திரை போதாது.

சாயங்காலம் இவர் வேலை முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் ஃபோனை நீட்டினார். "சுகந்தி, இதக் கேளேன். யாரோ ஒருத்தி பாடுதா, சொக்கிப் போயிருவ" என்றார். இவருக்கு ஏதோ ஒரு பாட்டு இறக்கும் தளம் தெரியும். படம் வருவதற்கு முன்னாலேயே பாட்டு வந்துவிடும். திருட்டுப் பாட்டை என் வீட்டில் ஒலிக்க விட மாட்டேன் என்று எத்தனை தடவை கத்தியிருக்கிறேன். இன்றும் கத்துவதற்கு வாயைத் திறந்தேன்.

கதவைப் பூட்டுகிற பாட்டு. நான் பாடியது.

"யாரு பாடினதுன்னு போடல. கமெண்டுல பூரா அதத்தான் கேக்கான்" என்று சொல்லி, கண்ணை மூடித் தலையை ஆட்டி ரசிக்கிறார். கல்யாணம் ஆகி இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருக்கிறார். குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

பிப்ரவரி 23, வெள்ளி

காலையில் காபி கொடுக்கும்போது சொன்னேன். "அது நான்தான்."

"எது?"

"நேத்து நீங்க சொக்கிப் போனீங்களே, அது."

டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "அதான பாத்தேன்!" என்றார். எதைப் பார்த்தார் என்று கேட்டேன். "வீட்டுல நீ பாடவே மாட்ட, ஏசத்தான செய்வ. எனக்கு எப்படித் தெரியும்?" என்று என் மேலேயே திருப்பிவிட்டார்.

உடனே ஃபோனை எடுத்து, தூத்துக்குடியில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பக் கிளம்பினார். பிடுங்கி வைத்தேன். திருட்டுப் பாட்டைப் பரப்புவதும் திருட்டுதான் என்றேன்.

"விக்கிற சாமான எடுத்தாத்தான திருட்டு? ஒம் பாட்ட அவனுவ விக்கப் போறதே இல்ல. அழிக்கப் போறானுவ. குப்பையில போட்டத ஒருத்தன் எடுத்தா அதுக்குப் பேரு திருட்டா?"

"குப்பைன்னு சொல்றீங்களா?"

"ஐயோ, நான் அப்படிச் சொல்லலட்டி."

ஒரு மணி நேரம் சண்டை. அவர் சொன்னதில் பதில் சொல்ல முடியாத ஒரு இடம் இருந்தது. அதனால்தான் சண்டை அவ்வளவு நீண்டது.

பிப்ரவரி 25, ஞாயிறு

பூசை முடிந்து வந்து அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். எங்கெங்கே பரவியிருக்கிறது என்று தெரிந்தால்தானே புகார் கொடுக்க முடியும்? அதற்காகத்தான். பாட்டு என்று தேடினால் சூதாட்ட விளம்பரமாக வந்து குதிக்கிறது. எவனோ சூரியன் மறைகிற படத்தைப் போட்டு, அதன் மேல் பாட்டை ஏற்றியிருக்கிறான். என் பாட்டில் சூரியனே கிடையாது.

கமெண்டுகளையும் படித்தேன். புகாருக்கு அதுவும் உதவும். துபாயில் லாரி ஓட்டுகிற ஒருவர், தினமும் வண்டியைக் கிளப்புவதற்கு முன் ஒரு தடவை கேட்கிறேன் என்று எழுதியிருந்தார். ஒரு பெண், 'வீடு விற்ற அன்று கேட்டேன், படியில் உட்கார்ந்து அழுதேன்' என்று எழுதியிருந்தாள். இந்தக் குரல் யாருடையது, யாருடையது என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள்.

புகார் எதுவும் கொடுக்கவில்லை. மாவு ஆட்ட வேண்டியிருந்தது.

பிப்ரவரி 27, செவ்வாய்

இவர் வேலைக்குப் போன பிறகு சௌந்தரவல்லி மேடத்துக்குப் பாட்டு வகுப்பு. ஓய்வு பெற்ற தாசில்தார். வேலையை விட்ட பிறகுதான் பாட்டு கற்றுக்கொள்ள நேரம் கிடைத்ததாம். சுருதி பிடிக்காது, விடவும் மாட்டார். அவர் காதுக்கும் அந்தப் பாட்டு போயிருக்கிறது. ஆனால் கேட்கவில்லையாம்.

"சட்டம்னா சட்டம் டீச்சர். கிணறு வெட்டினவன் யாரா வேணா இருக்கட்டும், நிலம் எவனுதோ கிணறு அவனுது. பாடினது யாரோ, போட்டது யாரோ, கம்பெனி சொத்து கம்பெனிக்குத்தான். இறக்கிக் கேக்கிறவன் எல்லாரையும் பிடிச்சு உள்ள போடணும்" என்றார்.

வெட்டினவனுக்குத் தாகம் எடுத்தால் என்ன செய்வான் என்று கேட்டேன். "அனுமதி கேட்டுக் குடிக்கணும்" என்றார். பாடியது நான் என்று தெரியாமல்தான் சொல்கிறார் என்று தெரியும், இருந்தாலும் இன்றைக்கு அவரைக் கீழ் ஸ்தாயியிலேயே நிறுத்தி வைத்துவிட்டேன்.

மார்ச் 1, வெள்ளி

ஆரூரன் ஃபோன். இந்தத் தடவை மெசேஜ் இல்லை, நேராகப் பேச்சு. மும்பைப் பாடகி பயங்கரக் கோபத்தில் இருக்கிறாராம். அவர் குரலில் பாட்டு வெளிவருவதற்கு முன்பே, வேறொரு குரலை ஊரே கொண்டாடினால் யாருக்குத்தான் கோபம் வராது? கம்பெனிக்காரர்கள் ஸ்டூடியோவுக்கே வந்து விசாரிக்கிறார்களாம்.

"குமரேசன் மேலதான் சந்தேகம்க்கா. ஃபைல் அவன் கையிலதான் இருந்துச்சு. நாளையிலேர்ந்து வராதன்னு சொல்லிட்டாங்க. போலீஸ் கம்ப்ளெயின்ட்டும் குடுக்கப் போறாங்க. அவன் யார்கிட்டயாவது குடுத்தானான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

நான் யாருக்கும் அனுப்பவில்லை. அன்பியக் குழுவை அதில் சேர்க்க முடியாது. அது ஜெபம்.

மார்ச் 3, ஞாயிறு

பூசை முடிந்ததும் கோயில் வாசலில் ரோஸ்லின் அக்காவைப் பிடித்தேன். குழுவின் தலைவி.

"அக்கா, நான் போட்ட பாட்டை வெளிய யாருக்காவது அனுப்புனீங்களா?"

"அனுப்பாம? எத்தன பேரு ஜெபிக்கிறாங்களோ அத்தனைக்கு நல்லதுதானேம்மா. பெங்களூர்ல என் தங்கச்சி குரூப்ல போட்டேன். அவ மஸ்கட்ல இருக்கிற நாத்தனாருக்குப் போட்டா. அங்க ஒரு கூட்டமே உனக்காக ஜெபமாலை சொல்லுதுன்னா பாத்துக்க!" என்று பெருமையாகச் சொன்னார். மஸ்கட் நாத்தனாரின் மகன்தான் அதைத் தளத்தில் ஏற்றியிருக்கிறான். சூரியன் படமும் அவன் கைவேலை. "ஊரு உலகமெல்லாம் கேட்டா ஜெபம் சீக்கிரம் பலிக்கும்னு போட்டிருக்கான், பாவம்."

இவர்களிடம் காப்புரிமைச் சட்டத்தை எங்கிருந்து தொடங்கி விளக்குவது? அதற்குள் இன்னொரு அக்கா வந்து, "சுகந்தி, கமெண்டுல எல்லாரும் யாரு யாருன்னு கேட்டாங்கல்ல, நாங்க எல்லாரும் சேந்து உன் பேரப் போட்டுட்டோம்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மார்ச் 5, செவ்வாய்

குமரேசன் வீட்டுக்கு வந்தான். சண்டை போடுவான் என்று நினைத்துத் தயாராக இருந்தேன். போட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எளிதாக இருந்திருக்கும். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கொடுத்த காபியை ஆறவிட்டுக்கொண்டே இருந்தான்.

"அக்கா, நீங்க அழிச்சிட்டீங்கல்ல?"

அதை மட்டும்தான் கேட்டான். நான் அடுப்பைப் பார்க்கிற மாதிரி உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தபோது, "உங்க பேரைச் சொல்லலக்கா. சொன்னா உங்களை இனிமே எந்த ஸ்டூடியோவுலயும் கூப்பிட மாட்டாங்க" என்றான். அவன் மனைவி இன்னும் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். அவளிடம் வேலை போனதைச் சொல்லவில்லையாம்.

அவன் போன பிறகு இவர் கேட்டார், "நீதான அனுப்புன?" ஆமாம் என்றேன். இவர் ஏசவில்லை. அதுவும் எனக்குக் கோபமாகத்தான் இருந்தது.

உண்மையை இங்கேயாவது எழுதிவிடுகிறேன். அனுப்பும்போது ஜெபம் மட்டும் என் மனதில் இல்லை. யாராவது ஒருத்தர் கேட்கட்டும் என்றுதான் அனுப்பினேன்.

மார்ச் 8, வெள்ளி

கம்பெனி அலுவலகம், நுங்கம்பாக்கம். மகளிர் தினமாம், உள்ளே நுழைந்ததும் ஒரு ரோஜாப்பூவைக் கொடுத்தார்கள். பூவைக் கையில் வைத்துக்கொண்டே குற்றத்தை ஒப்புக்கொண்டேன்.

சட்டப் பிரிவைப் பார்க்கிறவர் பெயர் நிரஞ்சன். கோபமே படாத ஆள், அதனால் எனக்குப் பயமாக இருந்தது. குமரேசன் மேல் தப்பில்லை, நான்தான் கெஞ்சி வாங்கினேன், நான்தான் அனுப்பினேன், புகார் கொடுப்பதானால் என் மேல் கொடுங்கள் என்றேன்.

"புகார் குடுத்து என்ன மேடம் பண்றது? பாட்டு எல்லா இடத்துலயும் இருக்கு. ஒரு இடத்துல எடுத்தா பத்து இடத்துல வருது. தளத்துக்காரங்ககிட்ட எடுக்கச் சொல்லிக் கேட்டா, இது உங்க பாட்டு இல்லையே, உங்க பாட்டுல வேற பாடகின்னு வாதம் பண்றாங்க" என்றார். பிறகு யோசனையைச் சொன்னார். அந்தப் பாட்டு போலி, ஏஐ வைத்துக் கம்ப்யூட்டரில் செய்த குரல் என்று கம்பெனி அறிவிக்கும். போலி என்றால் உடனே நீக்கிவிடுவார்கள். மும்பை மேடமும் சமாதானம் ஆகிவிடுவார். ஆனால் கமெண்டுகளில் என் பெயர் வந்துவிட்டதால், நான் ஒரு வீடியோவில் சொல்ல வேண்டும். அது நான் பாடியது இல்லை என்று.

"சொன்னா?"

"குமரேசன் திங்கக்கிழமை வேலைக்கு வரலாம். நீங்களும் வழக்கம்போல ட்ராக் பாடலாம்."

"பாடினது நான்தானே சார்?"

"யார் பாடினாங்கன்றது விஷயம் இல்ல மேடம். யாரோடதுன்றதுதான் விஷயம்."

அந்த ரோஜாவை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன். வேண்டுமென்றுதான்.

மார்ச் 12, செவ்வாய்

வீடியோ எடுத்தார்கள். நீலப் புடவை கட்டி வரச் சொன்னார்கள். இந்தப் பாட்டைப் பற்றி வெளியே எதுவும் சொல்ல மாட்டேன் என்று முதலில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். மைக்கைச் சட்டென்று கொண்டுவந்து வைத்தான் ஒருவன். அதை எந்த உயரத்தில் வைக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

"இணையத்தில் பரவும் அந்தப் பாடல் நான் பாடியது அல்ல. அது என் குரல் அல்ல."

"சூப்பர் மேடம், ஒரே டேக்!" என்று கை தட்டினார்கள்.

மார்ச் 16, சனி

குமரேசன் வேலைக்குப் போகிறான். குழந்தையின் படம் அனுப்பியிருந்தான். கன்னம் கொழுகொழுவென்று இருக்கிறது. அதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்தேன்.

பிறகு கமெண்டுகளைப் பார்த்துத் தொலைத்தேன். பாட்டைப் பல இடங்களில் எடுத்துவிட்டார்கள். ஆனால் ஏஐ என்று சொன்னதும் இன்னும் அதிகம் பேர் தேடிப் பிடித்துக் கேட்கிறார்கள். 'கம்ப்யூட்டர் என்னமா பாடுது!' என்கிறான் ஒருவன். 'இனிமே பாடகிகளே வேண்டாம், காசு மிச்சம்' என்கிறான் இன்னொருவன். துபாய் லாரிக்காரர் மட்டும், 'ஏமாந்துட்டேன், இனிமே கேக்க மாட்டேன்' என்று எழுதியிருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ரோஸ்லின் அக்கா பேசுவதில்லை. பொய் சொன்னவளுக்காக நாங்கள் ஜெபித்தோமா என்று கேட்டாராம். இவர் கமெண்டில் போய் எவனோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார். 'அது எம் பொண்டாட்டிடா' என்று எழுதி வைத்திருக்கிறார். அழிக்கச் சொன்னேன். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அழித்தார். "நீ சொல்லுதேன்னு அழிக்கேன். எனக்குச் சம்மதமில்ல" என்றார்.

மார்ச் 19, செவ்வாய்

சௌந்தரவல்லி மேடம் இன்று வகுப்புக்கு வந்ததும் ஃபோனை எடுத்து மேஜை மேல் வைத்தார். "டீச்சர், இந்த ஏஐ பாட்டு எனக்குச் சொல்லிக்குடுங்க" என்றார்.

"சட்டவிரோதம்னு சொன்னீங்களே?"

"அது அப்ப. இப்ப எங்களோடது இல்லைன்னு கம்பெனிக்காரனே சொல்லிட்டான். பாடினவங்களும் கிடையாது. பட்டா இல்லாத நிலம், புறம்போக்கு. யார் வேணா நடந்து போகலாம்."

என் வீடியோவையும் பார்த்திருக்கிறார். உங்கள் பெயரை எவனோ இழுத்துவிட்டிருக்கிறான், நல்லவேளை தெளிவாகச் சொல்லிவிட்டீர்கள் என்று பாராட்டினார். பிறகு பாட்டை ஓடவிட்டார். இரண்டாம் சரணம் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே நிறுத்திவிட்டு, பத்து நொடி பின்னால் தள்ளி, மறுபடியும் போட்டார்.

"இந்த எடத்தைக் கேளுங்க. கதவைச் சாத்தின பிறகு அடுத்த வரி எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு விடுது பாருங்க, சின்னதா, அழுகைய அடக்கின மாதிரி. எனக்கு அதுதான் டீச்சர் வேணும். என்னமா செஞ்சிருக்கான்! அந்த மூச்சை எப்படிப் பாடறதுன்னு சொல்லிக்குடுங்க."

மூன்றாவது தடவையும் அந்த இடத்தைப் போட்டார். என்னால் முடியவில்லை.

"கம்ப்யூட்டருக்கு எதுக்கு மேடம் மூச்சு?" என்றேன்.

கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். திறந்தபடியே என் முகத்தைப் பார்த்தார். எத்தனையோ பொய்ச் சாட்சிகளைப் பார்த்த தாசில்தார் அவர். ஃபோனை எடுத்து அணைத்துப் பைக்குள் வைத்தார். நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், எதுவும் சொல்லக் கூடாது. அவரும் எதுவும் கேட்கவில்லை.

"நீங்க பாடுங்க" என்றார்.

பாடினேன். கதவைச் சாத்தினேன். அந்த இடத்தில் மூச்சு விட்டேன்.